தை மாச வெளிச்சத்துல பெயின்ட் வாங்கி, ஆடி இருட்டுல வாழுறோம்!

டிசம்பர் பிறந்தாலே குலசேகரம் பக்கம் பெயின்ட் கடைகளில் கூட்டம் கூடிவிடும். கிறிஸ்துமஸுக்குள் வீட்டுக்குப் புது நிறம் அடித்துவிட வேண்டும் என்று ஒரு கூட்டம். மார்கழி முடிந்ததும் தை முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டு, எலெக்ட்ரீஷியனையும் பெயின்டரையும் விரட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்தின் கையிலும் ஒரே ஷேடு கார்டு. விரல் போய் நிற்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: கிரே. சாம்பல் என்று சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் அதற்கு மூடுபனி, முத்து, கூழாங்கல் என்று ஆயிரம் பெயர்.

கிரே நல்ல நிறம்தான். பிரச்னை நிறத்தில் இல்லை, தேர்வு செய்கிற மாதத்தில் இருக்கிறது. குலசேகரத்தில் வீட்டுக்குள் வெளிச்சம் அதிகமாக வரும் சில வாரங்களில்தான் நாம் நிறத்தை முடிவு செய்கிறோம். மீதி மாதங்களுக்கு அந்த வீட்டில் வேறு ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் வாழப்போவது பெரும்பாலும் நிறத்தைத் தேர்வு செய்தவரும் இல்லை.

ரப்பர் மரம் செய்யும் மாயம்

குலசேகரத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ரப்பர் தோட்டம். வீட்டின் பின்பக்கம் ரப்பர், பக்கவாட்டில் ரப்பர், நடுவில் பத்து சென்டில் வீடு. இந்த மரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. டிசம்பரில் இருந்து பிப்ரவரிக்குள் மொத்த இலையையும் உதிர்த்துவிடும். கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். பிறகு தளிர்விட்டு, வெயில் காலம் முழுசாக வருவதற்குள் கூரை போட்டதுபோல மூடிக்கொள்ளும். பால்வெட்டுக் குடும்பங்களுக்கு இது வருமானம் குறையும் காலம். பெயின்ட் வாங்குகிறவர்களுக்கோ இது ஏமாற்றும் காலம்!

ஏனென்றால் வருஷம் முழுக்க நிழலில் இருக்கும் ஹாலுக்குள் அந்த நாட்களில் வெயில் நேராக வந்து விழும். கூடவே சூரியனின் திசையும் சேர்ந்துகொள்ளும். குலசேகரம் இருப்பது பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி சொச்சம் வடக்கே. டிசம்பர் கடைசியில் உச்சி வெயில் தெற்கே சுமார் 32 டிகிரி சாய்ந்திருக்கும். தெற்கு ஜன்னல் வழியாக நடு அறை வரை ஒளி நுழையும். ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நிலைமை தலைகீழ். நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் கிடையாது.

இதில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வேறு தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆடியில் மேலே மேகம், கீழே ரப்பர் இலைக் கூரை, நடுவில் சன்ஷேடு. இத்தனையையும் தாண்டி வீட்டுக்குள் வருவதுதான் பகல் வெளிச்சம்.

அந்த வெளிச்சம் குறைவு என்பது மட்டும் இல்லை, அது பச்சை. இலை சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைத்தான் அதிகம் விட்டுக்கொடுக்கும். ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் நடந்து போவதைப் பாருங்கள், சட்டையில் மெல்லிய பச்சை ஏறியிருக்கும். உங்கள் கிரே சுவருக்கும் அதே கதிதான். கடையில் டியூப் லைட்டின் கீழே ஸ்டைலாகத் தெரிந்த கிரே, ஆடியில் பாசி பிடித்த சிமென்ட் மாதிரி தெரியும். இத்தனைக்கும் பெயின்ட் கம்பெனி மேலும் தப்பில்லை, பெயின்டர் மேலும் தப்பில்லை.

போன் பொய் சொல்லும்

இப்போது வீட்டு நிறம் எங்கே முடிவாகிறது? பெங்களூருவிலோ, சென்னையிலோ, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ, துபாயிலோ இருக்கும் மகனோ மகளோ போனில் பார்த்து முடிவு செய்கிறார்கள். லோன் அவர்கள் பெயரில். டேஸ்ட்டும் அவர்களுடையது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு போட்டோ வந்து விழும். "ரெண்டாவது சூப்பர்" என்று ஒரு தம்ஸ் அப். வேலை முடிந்தது.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, போன் கேமரா. அதில் ஒயிட் பேலன்ஸ் என்று ஒரு வசதி தானாகவே வேலை செய்துகொண்டிருக்கும். படத்தில் பச்சை கூடினால் குறைத்துவிடும், மஞ்சள் கூடினால் சரிசெய்யும், இருட்டாக இருந்தால் வெளிச்சமாக்கித் தரும். அதாவது வீட்டில் இருக்கும் உண்மையான வெளிச்சத்தை அழித்துவிட்டுத்தான் போட்டோவை நம்மிடம் கொடுக்கிறது. ஆடி மழையில் எடுத்த படம்கூட நன்றாகத்தான் இருக்கும். அங்கே நிற்கிற அம்மாவுக்குத்தான் இருட்டு தெரியும்.

இரண்டாவது, நாம் காப்பியடிக்கும் படங்கள். பின்ட்ரஸ்ட்டிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் கிரே வீடுகளுக்குச் சுவர் அளவுக்கு ஜன்னல் இருக்கும். பல படங்களில் பக்கத்திலேயே ஸ்டூடியோ லைட் நிற்கும், படத்துக்குள் மட்டும் வராது. அந்த வீடுகளில் வெளிச்சம் தேவைக்கு மேல் கொட்டுவதால், கண் கூசாமல் இருக்க கிரே உதவுகிறது. சென்னையில் பதினான்காவது மாடியில் மேற்குப் பார்த்த ஃபிளாட் வாங்கியிருக்கிறீர்களா? தாராளமாக கிரே அடியுங்கள், சாயங்கால வெயிலுக்கு இதமாக இருக்கும். அதே டப்பாவைக் குலசேகரத்துக்கு அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

யார் கண்ணுக்காக அடிக்கிறோம்?

இதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். நிறத்தைத் தேர்வு செய்கிற கண்ணுக்கு 28 வயது, அந்த வீட்டில் தினமும் விழிக்கிற கண்ணுக்கு 60 வயது. இரண்டும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

வயதாக ஆக கண்மணி சுருங்கும், விழிலென்ஸ் மெல்ல மஞ்சளாகும். ஒரே அறையில் நின்றாலும், 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போய்ச் சேர்கிறது என்பது கண் ஆராய்ச்சியில் ரொம்ப காலமாகச் சொல்லப்படும் கணக்கு. நமக்கு 'மூடியா' இருக்கு என்று தோன்றும் ஹால் அவர்களுக்கு வெறும் இருட்டு. "மக்ளே, பகல்லயே லைட் போட்டாத்தான் பேப்பர் வாசிக்க முடியுது" என்று அம்மை போனில் சொன்னால், கண்ணாடியை மாற்றச் சொல்லிவிட்டு நாம் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். ஹாலில் அடித்த நிறத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

வெளிச்சத்தைவிடப் பெரிய இழப்பு, நிற வேறுபாடு. கிரே டைல்ஸ், கிரே சுவர், கிரே படிக்கட்டு, கிரே கிரானைட் என்று ஒரே குடும்பமாக அடுக்கும்போது போட்டோவில் அழகாக இருக்கும். வயதான கண்ணுக்கு ஒரு படி எங்கே முடிந்து அடுத்த படி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பாத்ரூமில் தரைக்கும் கமோடுக்கும் சுவருக்கும் நடுவே எல்லைக்கோடு இருக்காது. மழைக்காலத்தில் ஈரக்காலோடு உள்ளே வருகிற ஊர் இது. கரன்ட் போன நேரத்தில் கீழே இறங்கி வரும் அப்பாவுக்கு, படியின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு அழுத்தமான பட்டை இருந்தால் எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பட்டைக்கு ஆகும் செலவு, டிவிக்குப் பின்னால் ஒட்டும் ஒரு அலங்காரப் பேனலில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

சின்னதாக ஒரு கணக்கு

ஷேடு கார்டின் பின்பக்கம் அல்லது கம்பெனியின் இணையதளத்தில் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். சுவரில் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்பும் என்பதுதான் அது. நல்ல வெள்ளைக்கு 85 அளவில் இருக்கும், க்ரீம் வகையறாவுக்கு 70-க்கு மேல். நடுத்தர கிரே 40-ஐ ஒட்டி இருக்கும், கரி நிறம் 10-க்குப் பக்கத்தில்.

எண்பதுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். வெளிச்சம் ஒரு சுவரோடு நிற்பதில்லை என்பதுதான் இங்கே விஷயம். ஜன்னலில் நுழைந்து ஒரு சுவரில் பட்டு, அங்கிருந்து எதிர்ச்சுவரில் பட்டு, பிறகுதான் அறையின் மூலைக்குப் போகும். 80 சதவீதச் சுவர் என்றால் இரண்டு முறை பட்ட பிறகும் 64 மிச்சம் இருக்கும். 40 சதவீதச் சுவர் என்றால் வெறும் 16. நான்கு மடங்கு வித்தியாசம்! ஜன்னலில் இருந்து தள்ளி இருக்கும் அடுக்களை மேடையும் பூஜை அறையும் ஜெப மூலையும் இருட்டிப்போவது இப்படித்தான். பிறகு நாள் முழுக்க லைட் எரியும், மின்கட்டணம் வரும்.

தாத்தா காலத்து வீடு தெரிந்து வைத்திருந்தது

இந்தக் கணக்கெல்லாம் போடாமலே நம் ஊர் பழைய வீடுகள் சரியாகச் செய்திருந்தன. சுவருக்குச் சுண்ணாம்பு, அதில் துளி நீலம். தரைக்குச் சிவப்பு ஆக்சைடு. கதவுக்கும் மச்சுக்கும் பலா அல்லது தேக்கு. இந்தக் கூட்டணி எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால் கொஞ்சம் அசந்துபோவீர்கள்.

ஜன்னல் வழியாக வரும் ஒளியில் பெரும்பகுதி முதலில் விழுவது தரையில். தரை சிவப்பாக இருந்தால், அங்கிருந்து மேலே எழும் ஒளியில் சிவப்பு ஏறியிருக்கும். அது வெள்ளைச் சுவரில் படும்போது சுவர் இளஞ்சூடான ஒரு நிறத்துக்கு மாறும். வெளியே இருந்து வரும் பச்சையை உள்ளே இருக்கும் சிவப்பு ஈடுகட்டிவிடும். சுண்ணாம்பு வெள்ளை மட்டும் என்றால் ஆஸ்பத்திரி மாதிரி இருந்திருக்கும், சிவப்புத் தரை மட்டும் என்றால் குகை மாதிரி. இரண்டும் சேர்ந்ததால் அது வீடு. இன்று நாம் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டோம், வெள்ளையை எடுத்துவிட்டு கிரே அடித்தோம். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் கழற்றியாச்சு.

இதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள், குலசேகரத்தில் இருந்து அரை மணி நேரம்தான். திருவிதாங்கூர் அரசின் பழைய தலைநகரம் அது. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் போயிருப்போம், 64 மூலிகை மரத்தில் செய்த கட்டிலைப் பார்த்துவிட்டு வந்திருப்போம். இந்த முறை நிறத்துக்காக மட்டும் பாருங்கள்.

உள்ளே சுவர் வெள்ளை, மரம் அடர்ந்த பழுப்பு, தரை கறுப்பு. கறுப்புத் தரை என்றால் என் வாதத்துக்கே எதிராயிற்றே என்று கேட்கலாம். அங்கே போய்க் குனிந்து பாருங்கள், அது கண்ணாடி மாதிரி மின்னும். எரித்த சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து மெழுகியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மெருகேறிய அந்தப் பரப்பு ஜன்னல் ஒளியை அப்படியே திருப்பி எதிரொளிக்கிறது. நடக்கும்போது தரையில் ஜன்னல் தெரியும். நம் ஊரில் இப்போது போடும் மேட் ஃபினிஷ் கறுப்பு டைல்ஸ் இதைச் செய்யாது. நிறம் ஒன்றுதான், வேலை வேறு.

இன்னொன்று, ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்கள். அவற்றில் வண்ண மைக்கா பதித்திருக்கிறார்கள். சுவரில் நிறத்தைப் பூசவில்லை, உள்ளே வரும் வெளிச்சத்துக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள். நிறத்தை எங்கே கொஞ்சமாக வைத்தால் அறை முழுக்கப் பரவும் என்று தெரிந்த கை அது. நிறைய நிறம் வேண்டும் என்று தோன்றியபோது நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகையின் உச்சி அறையில் சுவர் முழுக்க ஓவியம் தீட்டினார்கள்.

குலசேகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருநந்திக்கரை குடைவரைக் கோயிலையும் சொல்லியாக வேண்டும். கேரள பாணிச் சுவரோவியங்களில் மிகப் பழையவை என்று கருதப்படும் 9, 10-ம் நூற்றாண்டு ஓவியங்களின் மிச்சம் அங்கே இருக்கிறது. அந்தப் பாணியின் ஐந்து அடிப்படை நிறங்கள் காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை. எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியிலும் எடுத்துக் காட்டும் நிறங்கள் அதில் முன்னால் நிற்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த வரிசை, ஆயிரத்துக்கும் மேல் நிறங்கள் இருக்கும் இன்றைய ஷேடு கார்டைவிடக் குலசேகரத்துக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

வடக்கு ஜன்னலும் ரோஸ் சிறையும்

உள் அலங்காரம் பற்றி இணையத்தில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ எழுதியவை. 'வடக்கு ஜன்னல் அறைக்கு நேர் வெயில் வராது, அதனால் சூடான நிறம் அடியுங்கள்' என்பது அதில் ரொம்பப் பிரபலம். நமக்கு அது பாதி வருஷத்துக்குப் பொருந்தாது. மேலே சொன்னதுபோல ஏப்ரல், மே மாதங்களில் மேகம் இல்லாத நாளில் நம் வடக்கு ஜன்னலுக்கே வெயில் வரும்.

நிறத்துக்கு மனநலப் பலன் சொல்வதும் அப்படித்தான். நீலம் அமைதி தரும், சிவப்பு பசியைத் தூண்டும், பச்சை படிப்பைக் கூட்டும் என்று ரீல்ஸ் குவிந்து கிடக்கிறது. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறையறைக்கு ஒரு வகை ரோஸ் நிறம் அடித்துப் பார்த்து, கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்தது என்றார்கள். பல சிறைகள் அதைக் காப்பியடித்தன. 2015-ல் வெளியான ஸ்விட்சர்லாந்து சிறை ஆய்வில் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது ரோஸ் அறைக்கும் சாதாரண அறைக்கும் அப்படி ஒரு வித்தியாசம் கிடைக்கவில்லை. குழந்தை படிக்க பச்சைச் சுவர் அடிப்பதற்கு முன், மேஜை மேல் ஒழுங்கான ஒரு விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வாஸ்து நிறங்களில் நம்பிக்கை உள்ளவர்கள் பின்பற்றிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நிறத்திலும் வெளிறிய ஷேடு ஒன்று இருக்கத்தானே செய்கிறது.

சுவர் முதலில் காயட்டும்

டிசம்பர் பெயின்டிங்குக்கு இன்னொரு ஆபத்து, ஓதம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்திருக்கும். சுவர் வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் குடித்தபடி நிற்கும். பழைய சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை மெல்ல மூச்சுவிடுவதுபோல வெளியே விட்டுவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையையும் லேசில் வளர விடாது, அதுவும் வருஷா வருஷம் புதிதாக வெள்ளை அடித்த வீடுகளில். இப்போது சிமென்ட் பூச்சு, மேலே பட்டி, அதற்கு மேலே பிளாஸ்டிக் எமல்ஷன். ஈரம் வெளியேற வழியில்லாமல் படலத்தைத் தள்ளும். ஆடிக்குள் கொப்புளம், அடுத்த வருஷம் பொருக்கு.

அடர் நிறத்தில் இது இன்னும் மோசமாகத் தெரியும். ஈரத்தோடு வெளியே வரும் உப்பு வெள்ளையாகப் பூக்கும். க்ரீம் சுவரில் அது கண்ணுக்கே படாது, கரி நிற அக்சென்ட் சுவரில் உலக வரைபடம் மாதிரி தெரியும். பலர் ஓதம் இருக்கும் சுவரை மறைக்கத்தான் அடர் நிறம் கேட்கிறார்கள், அல்லது மேலே வால்பேப்பர் ஒட்டுகிறார்கள். பின்னால் பூஞ்சைக்குக் கல்யாணம்தான்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் ஷீட்டை வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால், சுவர் இன்னும் காயவில்லை. எந்த விலை பெயின்ட் அடித்தாலும் அது நிற்காது. புதுப் பூச்சு என்றால் நான்கு வாரமாவது காய விட வேண்டும், நம் ஊர் மழைக்கு அதற்கும் மேலே. முகூர்த்தத்துக்கு முன்னால் முடியாது என்றால் பிரைமரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளை பிரைமர் அடித்த வீட்டிலும் பால் பொங்கும். மாசி, பங்குனியில் சுவர் நன்றாகக் காய்ந்து, ரப்பரும் இலை விட்ட பிறகு, உண்மையான வெளிச்சத்தில் நிறம் பார்த்து அடிக்கலாம்.

சரி, என்ன நிறம்தான் அடிக்கிறது?

சீலிங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை. ஹாலுக்கும் அடுக்களைக்கும் மஞ்சளோ சிவப்போ துளி கலந்த வெளிறிய நிறம்: க்ரீம், தந்தம், சந்தனம், பீச்சின் மிக மெல்லிய ஷேடு. எல்.ஆர்.வி. 70-க்குக் கீழே போக வேண்டாம். வெள்ளை டைல்ஸ் ஏற்கெனவே போட்டாச்சு என்றால் தரையில் ஒரு காவி நிறப் பாயோ விரிப்போ போட்டுப் பாருங்கள், சுவர் மாறுவது தெரியும். புது வீடு கட்டுகிறவர்கள் ஒரு அறைக்காவது சிவப்பு ஆக்சைடு தரையோ, செட்டிநாட்டில் கையால் வார்க்கும் ஆத்தங்குடி டைல்ஸோ யோசிக்கலாம். ஆக்சைடு தரை மெழுகத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது முன்னைப்போலச் சுலபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடர் நிறமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகலில் யாரும் இருக்காத, இரவில் மட்டும் விளக்கு போட்டுப் பயன்படுத்தும் அறைக்கு நல்ல ஆழமான பச்சையோ காவியோ அடித்தால் அழகாகத்தான் இருக்கும். எப்படியும் வெளிச்சமே வராத நடைபாதையில் வெள்ளை அடித்து அழுக்காக்குவதைவிட அது மேல். கதவு, நிலை, படி விளிம்பு, சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு பட்டை என்று கை தேடும் இடங்களில் அழுத்தமான நிறம் வையுங்கள். நாம் கிண்டலடிக்கும் அப்பா காலத்து ரோஸ் ஹாலும் கிளிப்பச்சை ஜன்னலும் முழுக்க முட்டாள்தனம் இல்லை. மழை இருட்டிலும் ஜன்னல் எங்கே, கதவு எங்கே என்று தெரிந்தது.

சின்ன ஷேடு கார்டு துண்டை நம்பாதீர்கள். சுவர் முழுக்க அடித்தால் அதே நிறம் ஒரு படி அழுத்தமாகத் தெரியும். இருப்பதிலேயே சின்ன டப்பா ஒன்று வாங்கி, பெரிய வெள்ளை அட்டையில் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் மூலையிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். காலை, மதியம், மழை நேரம், இரவு என்று பாருங்கள். முக்கியமாக, அம்மாவையும் அப்பாவையும் பார்க்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

இரவு என்றதும் பல்பு. நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டியிருப்பது 6500 கெல்வின் கூல் டேலைட் எல்.இ.டி., நீலம் கலந்த வெள்ளை. அதன் கீழே கிரே இன்னும் குளிர்ந்துபோகும், சந்தனம் வெளிறிப்போகும். ஹாலுக்கு 4000, படுக்கையறைக்கு 3000 என்று மாற்றிப் பாருங்கள். ஏற்கெனவே கிரே அடித்துவிட்டவர்களுக்கும் இது உதவும், மறுபடி பெயின்ட் அடிக்கிற செலவும் மிச்சம்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இது அழகு சம்பந்தப்பட்டது இல்லை. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் கதவு, ஜன்னல் கம்பியில் இருக்கும் பளீர் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை இனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். அந்தப் பளீர் நிறங்களுக்குக் காரணம் பல நேரம் ஈயம் கலந்த நிறமிகள்தான். இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த இனாமலில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அந்தத் தூசி சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. உலர்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள், தண்ணீர் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்க்கிற பெயின்டருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், அவர் வருஷம் முழுக்க இதைத்தான் சுவாசிக்கிறார். தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மூன்று நாளைக்கு வீட்டில் இருக்கும் பிள்ளைகளை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.